கல்லில் அமர்ந்தவர் யார்?

உரோமாபுரி செல்லும் பயணி எவரும் அந்தக் கல் வளையத்தைக் காணாமல் ஊர் திரும்புவதில்லை. கொலோசியம்! நடுவிலே ஆடுகளம், அதைச் சுற்றி அடுக்கடுக்காய், படிப்படியாய் ஏறிச் செல்லும் இருக்கைகள். வட்டரங்கம் என்று தமிழில் கூறலாம். உண்மையில் அது வட்டமன்று, முட்டை வடிவம். நீளம் 189 மீட்டர். அகலம் 156 மீட்டர். உயரம் ஏறத்தாழ 48 மீட்டர். ஐம்பதினாயிரம் பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் மதிப்பீடு. அத்தனை பேரும் நெரிசலின்றிப் புகவும் போகவும் 80 வாயில்கள். அவற்றுள் 76 வாயில்களின் தலைமீது எண் வெட்டியிருந்தனர். அந்த எண்களிற் சில இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

பயணி பார்க்கிறார், வியக்கிறார், படம் பிடித்துக் கொள்கிறார். ‘இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் என்ன திறமை! என்ன நுட்பம்!’ என்று பெருமூச்செறிகிறார். திறமைதான், நுட்பந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் வியப்போடு வழிகாட்டி தம் கடையைக் கட்டிவிடுகிறார். கட்டியவன் யார், கட்டப் பணம் வந்த வழி எது, எந்தப் படியில் எவன் அமர்ந்தான், களத்தின் மணலிலே எவன் இரத்தம் கலந்தது - இவற்றைக் கேட்பவரும் குறைவு, சொல்பவரும் குறைவு. ஆகவே நாம் கேட்போம்.

வெசுபேசியன் என்ற மன்னன் தொடங்கினான். அவன் மகன் தைட்டசு, கி.பி. 80இல் திறந்து வைத்தான். இடையே நடந்தது என்ன? கி.பி. 70இல் இதே தைட்டசு படை நடத்திச் சென்று எருசலேம் நகரை அழித்தான். யூதர்களின் கோயில் கொள்ளையிடப்பட்டது. மக்கள் மந்தை மந்தையாக அடிமைகளாயினர். அந்தக் கொள்ளைப் பொருளே கொலோசியத்தின் மூலதனம். இதை நாம் ஊகித்துக் கூறவில்லை. அரங்கிலே கிடைத்த ஒரு கல்லில் பிற்காலத்தார் வேறொரு செய்தியை வெட்டியிருந்தனர். அதற்கு அடியிலே, முன்பு பதித்திருந்த வெண்கல எழுத்துகளின் முளைகள் நுழைந்திருந்த துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. எழுத்துகளைப் பிடுங்கிவிட்டார்கள், துளைகளை அடைக்க மறந்துவிட்டார்கள்! அந்தத் துளைகளின் வரிசையைக் கொண்டு 1995இல் அறிஞர் ஒருவர் பழைய வாசகத்தை மீட்டார். போர்க் கொள்ளையில் எழுந்தது இவ்வரங்கம் என்பதே அவர் கண்ட பொருள். 

இனி இருக்கைகளுக்கு வருவோம். கொலோசியம் எழுவதற்குப் பல்லாண்டுக்கு முன்பே, அகசுடசு மன்னன் காட்சியரங்குகளில் எவர் எங்கே அமர்வது என்று சட்டமே செய்துவிட்டான். களத்தை ஒட்டிய முதல் வரிசை ஆட்சி மன்றத்தாராகிய செனட்டர்களுக்கு. அடுத்த படி குதிரை வீரர் வகுப்பு என்ற பெயரில் உலவிய செல்வர்களுக்கு. அதற்குமேல் வெள்ளாடை உடுத்த குடிமக்கள். படைவீரருக்குத் தனியிடம், சிறுவர்க்குத் தனியிடம், அச்சிறுவரின் ஆசிரியர்க்கு அருகிலே ஓரிடம். கரிய உடை உடுத்த ஏழை நடுவரிசையில் அமரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முகம் தெரியாத உயரத்திலே, பெண்கள்! கன்னிப் பூசாரிணிகளான வெசுட்டல்கள் மட்டும் விலக்கு. அவர்கள் முன்வரிசையில் அமரலாம். கொலோசியத்திலும் இந்த ஒழுங்கே தொடர்ந்தது. எண்பது வாயில்களின் நுட்பம் எதற்கென்று இப்போது விளங்குகிறதன்றோ? கூட்டம் நெரியாமலிருக்க என்பது பாதி உண்மை. ஒருவன் மேல் இன்னொருவன் காற்றுப் படாமலிருக்க என்பது மறு பாதி.

கீழே களத்திலே நடந்ததென்ன? திறப்பு விழா நூறு நாள் நடந்தது. 9,000 விலங்குகள் கொல்லப்பட்டன என்று தியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். பின்னர் வந்த திராயன் மன்னன் 123 நாள் விழா நடத்தினான். பதினாயிரம் வாட்போர் அடிமைகளும் பதினோராயிரம் விலங்குகளும் களமிறக்கப்பட்டதாக அவரே கூறுகிறார். எண்களில் சற்று மிகை இருக்கலாம். மன்னர் புகழ் பாடும் எண்கள் எந்நாட்டிலும் சற்றுப் பருத்தே இருக்கும். கொலை நடந்ததில் ஐயமில்லை. காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் குற்றவாளிகளின் கொலைத் தண்டனை, பிற்பகலில் கிளாடியேட்டர் எனப்பட்ட அடிமை வீரரின் வாட்போர். இதுதான் நாளொழுங்கு. நண்பகல் வேளையில் உண்ணப் போகாமல் கொலை காண உட்கார்ந்திருந்த கூட்டத்தைக் கண்டு, கூட்டத்தோடு கூடினால் மனிதன் மேலும் கொடியவனாகிறான் என்று மனம் நொந்து எழுதினார் செனக்கா என்ற அறிஞர். அவர் கொலோசியம் எழுமுன்பே மறைந்தவர். அவர் கண்டது வேறு அரங்குகளை. ‘அந்தக் காலத்தில் அது தவறாகப் படவில்லை’ என்று பேசுவோர்க்கு விடை சொல்ல அந்தக் காலத்திலேயே ஒருவர் இருந்தார் என்பதற்காக இதைக் குறிக்கிறோம்.

அடிமைகள் மட்டும் வாளாவிருந்தார்களா? இல்லை. கி.மு. 73இல் கப்புவா நகரத்து வாட்போர்ப் பள்ளியை உடைத்துக்கொண்டு வெளியேறினான் ஸ்பார்ட்டகசு. ஈராண்டுக் காலம் உரோமப் படைகளை ஓட ஓட விரட்டினான். இறுதியில் தோற்றான். சிறைப்பட்ட ஆறாயிரம் தோழர்கள் கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை சாலையோரம் சிலுவைகளில் அறையப்பட்டனர். அந்த அப்பியன் சாலையும் இன்று சுற்றுலாத் தலமே. மரநிழல் இனிமையாக இருக்கும் என்கிறார்கள் சென்று வந்தவர்கள்.

வாட்போர் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழிந்தது. விலங்கு வேட்டை ஆறாம் நூற்றாண்டு வரை நடந்தது. பிறகு நிலநடுக்கங்கள். 1349இல் தென்புறச் சுவர் சரிந்தது. சரிந்த கல் சும்மா கிடக்கவில்லை. மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வண்டி வண்டியாகப் போயிற்று. 1749இல் போப்பாண்டவர் அந்த இடத்தைப் புனிதமென அறிவித்துச் சிலுவை நாட்டினார். கொன்றவன் கட்டியது கோயிலாயிற்று! எனினும் இத்தாலியரை ஒரு செய்திக்காகப் பாராட்ட வேண்டும். உலகின் எம்மூலையிலேனும் ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தால், அன்றிரவு கொலோசியத்துக்கு வேறு வண்ண விளக்கேற்றும் வழக்கத்தை இந்நூற்றாண்டின் வாயிலில் அவர்கள் தொடங்கினர். தம் முன்னோர் எழுப்பியதைப் பற்றி வெட்கப்படவும் ஒரு நாகரிகம் வேண்டும்.

‘உரோமாபுரிக் கதை நமக்கெதற்கு?’ என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அந்நகரத்துச் செல்வத்துக்கும் நமக்கும் உறவுண்டு. கொலோசியத்தின் அடித்தளச் சுரங்க அறைகளைக் கட்டிய தொமிசியன் மன்னனே, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மிளகுக் கிடங்குகளையும் கட்டினான். அந்த மிளகு தென்னகத்தின் மலைச்சரிவில் விளைந்தது. ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செசுட்டர்சு நாணயத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி என்பார் புலம்பினார். அவர் புலம்பிய நாணயங்கள் கொங்கு நாட்டு மண்ணில் பானை பானையாகக் கிடைத்தன. 1945இல் புதுவையருகே அரிக்கமேட்டைத் தோண்டிய வீலர், இத்தாலிய மட்கலங்களைக் கண்டெடுத்தார். நம் பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரத்திலும், மதுச்சாடி வகைக் கலங்களின் ஓடுகள் அகழாய்வில் வெளிப்பட்டன. காஞ்சிப் பக்கத்தவர்க்கு உரோமாபுரி அவ்வளவு தொலைவன்று.

சாடி வந்தது, நாணயம் வந்தது, அரங்கம் வந்ததா? தமிழகத்தில் இல்லை. ஆந்திரத்தில், இக்குவாகு மன்னரின் தலைநகராயிருந்த நாகார்ச்சுனகொண்டாவில், நாற்கோணக் களத்தைச் சுற்றிப் படிவரிசை அமைந்த அரங்கொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது, காலம் கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு. 1955இல் நாகார்ச்சுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அப்பள்ளத்தாக்கு நீரில் மூழ்குவது உறுதியாயிற்று. அரங்கத்தைப் பெயர்த்துக் கரைமேல் அனுபு என்னுமிடத்தில் மீண்டும் அமைத்தனர். அணை கட்டியோரின் இந்தப் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டுவோம். அங்கே நடந்தது கூத்தா, மற்போரா, அறவுரையா என்று அறிஞர் வாதிடட்டும். 

தமிழகத்தில் மக்கள் கூடிய பழைய கல்லிடம் எது என்று கேட்டால் விரல்கள் எல்லாம் நீளும் திசை ஒன்றே - உத்திரமேரூர்.

ஏனாத்தூரிலிருந்து அது தொலைவில்லை. பாலாற்றையும் செய்யாற்றையும் கடந்தால், வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்ப் பயணம். ஆற்றில் நீரைவிட மணலும், மணலைவிட மணல் எடுத்த பள்ளமும் மிகுதி என்பதை வழியிலேயே கண்டுகொள்ளலாம். ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபத்துக் கருங்கற் சுவரெங்கும் எழுத்து. தமிழும் இடையிடையே கிரந்தமுமாக, சலிப்பின்றி வெட்டியிருக்கிறார்கள். கொலோசியத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஏறி அமரப் படிகளில்லை. இரத்தம் சிந்திய மணலில்லை. இங்கே கூடியவர்கள் கொலை காணக் கூடவில்லை. குடத்திலிருந்து ஓலை எடுக்கக் கூடினார்கள். அந்த வேறுபாட்டை முதலில் நெஞ்சாரப் போற்றிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த இரு கல்வெட்டுகள் இவ்வூரை உலகறியச் செய்தன. இரண்டும் முதற் பராந்தக சோழன் காலத்தவை, ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், ஆண்டுதோறும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கே வகுத்து வைத்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் நாம் இன்று சொல்லும் வட்டம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் கூடிய சபை நடுவே, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறு குடத்தில் குலுக்குவர். அச்சிறுவனே ஓரோலையை எடுத்து மத்தியத்தன் கையில் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்குவான். விரல் மடங்கினால் ஓலை மாறும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி! அவன் வாசிப்பான், பிறகு உள்ளிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். இவ்வாறு முப்பது பெயர்கள். பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கு, பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு.

இன்னும் போற்றத்தக்கவை உள. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக் கூடாது. அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் என நீளுகிறது விலக்குப் பட்டியல். உறவுமுறை இவ்வளவு உண்டென்று சிலர் அந்தக் கல்லைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்! மூன்றாண்டுக்குள் வாரியப் பணி பார்த்தவனும் வரக் கூடாது. பதவியில் ஒட்டிக்கொள்ளும் பசையை அன்றே கண்டவர்கள். அதைக் கழுவவும் முயன்றவர்கள். அப்பகுதியில் பல்லவர் காலத்தில் வெட்டிய வைரமேகத் தடாகம் என்னும் பேரேரி இன்றும் நீர் தாங்கி நிற்கிறது என்றால், ஏரி வாரியத்தார் சிலரேனும் கடமை செய்திருக்கிறார்கள் என்றே பொருள்.

இனி, சுற்றுலா வழிகாட்டி பெரும்பாலும் மெல்லிய குரலில் சொல்லும், அல்லது சொல்லாமலே விடும் வரிகளுக்கு வருவோம். ஓலையில் எவன் பெயர் எழுதப்படும்? கால் பங்குக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும். அதைக் கால் வேலி என்பர். தன் மனையில் தானே கட்டிய வீட்டில் குடியிருப்பவனாக வேண்டும். அகவை 35க்கு மேல் 70க்குள். முதற் கல்வெட்டிலே அது 30க்கு மேல் 60ஆக இருந்தது; இரண்டே ஆண்டில் இளைஞர்க்கு வாயிலை மேலும் ஐந்தாண்டு தள்ளி வைத்தார்கள். இவை போதுமா? போதா. மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியைப் பிறர்க்கு ஓதுவிக்கும் அளவு அறிந்தவனாக இருக்க வேண்டும்! நிலம் அரைக்காலே உடையவனாயினும், ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள் ஒன்றும் வல்லவனானால் அவன் பெயரையும் எழுதலாம். நிலத்தில் குறைந்தால் வேதத்தால் நிரப்பலாம். வேதத்தில் குறைந்தால் நிரப்ப வழியே இல்லை. ஆயிரம் வேலி வைத்திருந்தாலும் இல்லை.

வேதத்தை எவன் ஓதலாம், எவன் காதால் கேட்கவும் ஆகாது என்று தரும சாத்திரங்கள் விதித்தது நமக்குத் தெரியும். ஆகவே அந்த ஒரு தகுதி, ஆயிரம் கதவுகளை ஒரே தாழால் அடைத்த தாழ். சதுர்வேதிமங்கலம் என்ற பெயரே நான்கு வேதம் வல்லார்க்குக் கொடுக்கப்பட்ட ஊர் என்று உரைக்கிறது. அது பார்ப்பனர் ஊர், அவர்கள் சபை, அவர்கள் குடம், அவர்கள் ஓலை. ஏரியைத் தூர்வாரியவன், தோட்டத்துக்கு நீர் இறைத்தவன், வயலில் நாற்று நட்டவள், மண்டபத்துக்குக் கல் சுமந்தவன் - இவர்கள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. வெட்டி என்ற சொல் சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். கூலியின்றிக் கொடுக்க வேண்டிய உழைப்பு அது. ‘வெட்டியாக’ என்று நாம் இன்று பயனற்ற வேலையைச் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் முதுகில் எத்தனை தலைமுறையின் தழும்பு!

தீயவர் கெட்டு மேலோர் வளர வேண்டும் என்பதையே நோக்கமாக அக்கல்வெட்டு அறிவிக்கிறது. மேலோர்க்கு அங்கே ‘விசிட்டர்’ என்று பெயர். அரசாணை வந்தபடி, அரசனின் அதிகாரி உடனிருக்க, சபை இம்முடிவைச் செய்தது என்றும் கூறுகிறது. மக்களே மக்களுக்காக ஆண்ட மாண்பு என்று மேடையில் முழங்குவோர், அதிகாரியின் பெயரும் அக்கல்லிலேயே இருப்பதைச் சற்றே எட்டிப் பார்க்கலாம்.

‘குடவோலை சோழர் கண்ட முறை, வைதிகர் வளர்த்த நெறி’ என்பார்க்கு மற்றொன்று சொல்வோம். குடத்திலிட்ட ஓலையைப் பொறி நீக்கி எடுக்கும் வழக்கம் அகநானூற்றிலேயே உவமையாக வருகிறது. சதுர்வேதிமங்கலங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே தமிழன் அறிந்த முறை அது. குடம் பழையது, குடத்தின் வாயில் கட்டிய வேதத் துணிதான் புதியது.

இந்த இடத்தில் நாம் ஒரு பிரிவாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுக் கைகழுவிவிட்டால், அது பகுத்தறிவாகாது; வசதியான பாதி உண்மையாகும். பார்ப்பனர் அல்லாத ஊர்களிலும் ‘ஊர்’ என்ற பெயரால் அவை கூடியது. அங்கே வேதம் கேட்கவில்லை, நிலம் கேட்டார்கள். நிலமுடைய வேளாளர் அமர்ந்தனர். உழுத கூலியாள் வெளியே நின்றான். முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படியுங்கள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி விதிக்கப்படாத இடங்கள் எவையெவை என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்நத்தம் ஒருபுறம், கம்மாளர் சேரி ஒருபுறம், பறைச்சேரி ஒருபுறம், தீண்டாச்சேரி ஒருபுறம். வெள்ளாளர்க்கு ஒரு சுடுகாடு. பறையர்க்கு வேறு சுடுகாடு. உரோமாபுரியான் காட்சியரங்கில் மட்டும் வரிசை பிரித்தான். நாம் சாம்பலிலும் பிரித்தோம்!

சேரி என்ற அச்சொல்லின் கதையும் சுவையானது. உத்திரமேரூர்க் கல்வெட்டிலே சேரி என்பது சபையார் வாழ்ந்த தெருக்களின் பெயர். அதிலே இழிவு எதுவும் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே. பின்னர் அதே சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் தலையில் சுமத்தப்பட்டது. மனிதனைத் தள்ளியவர்கள் சொல்லையும் கூடவே தள்ளிவிட்டார்கள்.

‘உரோமரிடம் அடிமைகள் இருந்தனர், நம்மிடம் இல்லை’ என்று பெருமை பேசும் பழக்கமும் உண்டு. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு அதற்கு விடை சொல்லும். 1201இல் பஞ்சம் வந்தபோது ஒரு வேளாளரும் அவர் மகளிர் இருவரும் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டனர் என்று அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். வாளேந்திப் போரிடச் சொல்லவில்லை, உண்மை. கடவுளின் பெயரால் வாங்கினார்கள், அதுவும் உண்மை. வாங்கிய கடவுள் விலை பேசினாரா என்று மட்டும் கல்லில் இல்லை.

‘பழையதைப் பழைய காலத்தின் கண்ணால் பார்க்க வேண்டாமா?’ என்று சான்றோர் சிலர் கேட்பர். பார்ப்போம். பிறப்பினால் ஏற்றத்தாழ்வு இல்லை என்று குறளாசிரியர் உரைத்ததும் பழைய காலமே. மற்றவன் மனிதன் என்று ஓர் இனத்தில் ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, தெரியாமல் செய்தோம் என்று அவ்வினத்தார் எவரும் சொல்ல இயலாது. மேலும், நாம் பராந்தகன் காலத்தாரை இழுத்து வந்து தண்டிக்கப் போவதில்லை. அவர்கள் எழுதிய விதியை இன்று எவ்வாறு படித்துக் காட்டுகிறோம் என்பதே நம் வழக்கு. கணக்குக் காட்டாதவனை விலக்கியதைப் பெரிய எழுத்திலும், வேதம் அறியாதவனை விலக்கியதைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது வரலாறாகுமா? நமது மாணவர்களின் பாடத்தில் 35 முதல் 70 வரை என்ற அகவையை மனப்பாடம் செய்விக்கிறோம். தேர்விலே மதிப்பெண் கிடைக்கிறது. அந்த அகவைக்குள் இருந்தும் ஓலையில் இடம்பெறாதவர் எத்தனை பேர் என்று ஒரு மாணவனும் கேட்பதில்லை. கேட்டால் எந்த ஆசிரியரும் சினக்க வேண்டியதில்லை.

சொத்துள்ளவனுக்கே வாக்கு என்ற விதி சோழரோடு மாளவில்லை. வெள்ளையன் 1919இல் வழங்கிய சீர்திருத்தத்திலும் வரி கட்டுவோர்க்கும் நிலமுடையோர்க்குமே பெரும்பாலும் வாக்கு. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று. அங்கும் சொத்துடைய பெண்களுக்கே. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலேதான், நிலமற்ற கூலியும் எழுத்தறியாத கிழவியும் பெட்டியருகே சென்று சீட்டுப் போட்டனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் அந்த நாளுக்கும் இடையே ஆயிரத்து முப்பது ஆண்டுகள்!

பெட்டி வந்தது. நாற்காலி வந்ததா?

1996இல் மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைமை, தாழ்த்தப்பட்டவர்க்கென ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களை மீறி முருகேசன் என்ற தோழர் போட்டியிட்டார், வென்றார். 1997 ஜூன் 30ஆம் நாள், பட்டப்பகலில், பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது அவரையும் உடன் சென்றவர்களையும் வெட்டிக் கொன்றனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் அதே ஒதுக்கீட்டை எதிர்த்து, 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் தலைவரே இல்லாமல் செய்தனர். வெட்டியவரும் தடுத்தவரும் வேதம் ஓதியவர்கள் அல்லர். தம்மைத் தமிழர் என்று மார் தட்டிக்கொள்ளும் நம்மவர்கள். ‘விசிட்டர்’ என்ற வடசொல்லுக்கு நம் ஊர்களில் எத்தனை தமிழ்ப் பெயர்கள் கிடைத்துவிட்டன!

2020 டிசம்பர் 10ஆம் நாள் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினர். அவ்விழாவில் பேசிய தலைமையமைச்சர், இந்நாட்டு மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். தமிழ்நாட்டுச் சிற்றூரின் பெயர் தலைநகரில் ஒலித்தது. செய்தித்தாள்கள் மண்டபத்தின் படத்தைப் போட்டன. பார்க்க வருவோர் பெருகினர்.

அதற்கு இரண்டே மாதம் முன்பு, அதே ஆண்டு அக்டோபரில், செய்தித்தாள்கள் வேறொரு படத்தைப் போட்டன. கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சி அலுவலகம். கூட்டம் நடக்கிறது. மன்றத்தார் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் - தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் - தரையில் அமர்ந்திருக்கிறார்.